கோலில் இருக்கிறதா கோணல்?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைத்துப் பிறவற்றின் மீது பழி போடுகிறவர்களைப் பார்த்துச் சொல்வது.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஆடப்படும் பாக்கெட் பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்கு இந்தப் பழமொழி முழுவதும் பொருந்தாது. அங்கே கோணல் உண்மையிலேயே இருக்கிறது. கூடத்தில் அல்ல, பந்தை அடிக்கும் கோலில்!

இந்தக் கோணலைக் குறைக்கத்தான் கார்பன் இழையினால் செய்த முன்தண்டு வந்திருக்கிறது. விமானத்தின் பாகங்களும், தூண்டில் கோல்களும், பாட்மிண்டன் மட்டைகளும் செய்யப்படும் அதே பொருள். 2016-ம் ஆண்டில் 'பிரிடேட்டர்' என்ற நிறுவனம் 'ரெவோ' என்ற பெயரில் ஒரு கார்பன் தண்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இன்று உலகப் போட்டிகளில் ஆடும் பலருடைய கையில் கறுப்புத் தண்டு காணப்படுகிறது.

பெரிய ஆட்டக்காரர் கையில் பார்த்ததும், புதிதாக ஆட வந்த வாலிபனுக்கும் ஆசை பிறக்கிறது. நல்ல தண்டு ஒன்றின் விலை 400, 500 டாலர். நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல்! சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதை வாங்கலாமா? வாங்கினால் ஆட்டம் திருந்துமா?

எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அவரவர் ஆடும் முறையைப் பொறுத்தே பதில் சொல்ல வேண்டும்.

கோணல் எப்படி வருகிறது?

வெள்ளைப் பந்தை நடுவில் அடித்தால் அது நேராக ஓடும். பந்து பக்கவாட்டில் சுழன்றபடி ஓட வேண்டுமானால், நடுவை விட்டு ஓரத்தில் அடிக்க வேண்டும். அங்கேதான் வருகிறது வம்பு. வலது ஓரத்தில் அடித்தால், குறி பார்த்த கோட்டில் பந்து போகாது. சற்றே இடது பக்கம் விலகி ஓடும்.

காரணம் இதுதான்: கோல் பந்தைத் தொட்டிருக்கும் நேரம், ஒரு வினாடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் சுழலத் தொடங்கும் பந்து, கோலின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நுனி பதிலுக்குப் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நுனி கனமாக இருந்தால் பந்து அதிகம் விலகும். நுனி லேசாக இருந்தால், நுனி ஒதுங்கிக் கொள்ளும். பந்து ஏறக்குறைய நேராகவே போகும்.

கோலின் மொத்த எடை சுமார் 19 அவுன்ஸ். ஆனால் இந்தக் கணக்கில் சேருவது நுனியில் உள்ள சில அங்குலம் மட்டுமே. கார்பன் தண்டு உள்ளே குழாய் போன்றது. ஆகவே, நுனி லேசு. உறுதியும் குறையவில்லை. ஈரக் காற்றில் மரம் போல ஊறி வளையாது. மேஜை ஓரத்தில் இடித்தாலும் எளிதில் பள்ளம் விழாது. சாக்குக் கறை படிந்தால் துணியால் துடைத்தால் போதும். இவை உண்மையான நன்மைகள். மறுப்பதற்கு இல்லை.

சுழல் கூடுமா?

'கார்பன் தண்டால் அடித்தால் பந்து அதிகம் சுழலும்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. இது சரியல்ல. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோம் என்பதே சுழலைத் தீர்மானிக்கிறது. தண்டு கார்பனாக இருந்தாலும், முனையில் ஒட்டியிருப்பது வழக்கமான தோல்தான். அந்தத் தோல் முனையை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலப்படுத்தியவர் மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி. பந்தைச் சுழல வைத்த புரட்சி அப்போதே நடந்து முடிந்துவிட்டது!

யாருக்குப் பொருந்தும்?

'ஒன்பது பந்து' ஆட்டத்தை முதலில் பார்ப்போம். மேஜையில் இருப்பவற்றில் மிகக் குறைந்த எண் உள்ள பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். அடுத்த பந்து மேஜையின் மறுகோடியில் கிடக்கலாம். 9 அடி மேஜையில் வெள்ளைப் பந்தை வேகமாகவும் சுழலோடும் நெடுந்தூரம் அனுப்ப வேண்டியிருக்கும். தூரம் கூடக் கூட, சிறிய விலகலும் பெரிய தவறாகிவிடும். இப்படி ஆடுகிறவர்களுக்குக் கார்பன் தண்டு மெய்யாகவே உதவும்.

'எட்டுப் பந்து' ஆட்டம் வேறு. அமெரிக்க மதுக்கடைகளில் இதைப் பெரும்பாலும் 7 அடி மேஜையில் ஆடுகிறார்கள். தன் பங்குப் பந்துகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்து அடிக்கலாம். தூரம் குறைவு, விலகலும் குறைவு. இங்கே தண்டினால் கிடைக்கும் லாபம் சொற்பமே.

எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் போடக்கூடிய 'நேர் ஆட்டம்' இன்னும் நிதானமானது. தேர்ந்தவர்கள் வெள்ளைப் பந்தைச் சிறிது சிறிதாக நகர்த்துவார்கள். பக்கச் சுழலை அளவோடுதான் பயன்படுத்துவார்கள். 1954-ம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரில் வில்லி மோஸ்கோனி இந்த ஆட்டத்தில் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் பையில் போட்டார். மரக்கோலால்தான் போட்டார்!

'ஒற்றைப் பை' ஆட்டத்தில் விஷயமே மாறுகிறது. அங்கே மெதுவாக, சுழலோடு அடிப்பது அதிகம். மெதுவாகப் போகும் பந்து முதலில் ஒரு பக்கம் விலகி, பிறகு சுழலுக்கு ஏற்ப மறுபக்கம் வளைந்து வரும். மரத்தண்டில் விலகலும் வளைவும் ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டும். கார்பன் தண்டில் விலகல் குறைவு. வளைவு தூக்கலாகத் தெரியும். இருபது ஆண்டுகள் மரத்தோடு பழகிய கண், இங்கே ஏமாந்து போகும்.

பந்துகளைக் கலைக்கும் முதல் அடியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பலங்கொண்ட மட்டும் அடிக்கும்போது கை சற்றே கோணும். கோலைத் தாங்கும் கை பந்திலிருந்து தக்க தூரத்தில் இருந்தால், மரத்தண்டின் விலகல் அந்தக் கோணலைத் தானே சரிக்கட்டிவிடும். கார்பன் தண்டுக்கு அந்தத் தூரம் இன்னும் நீளம். வழக்கமான இடத்தில் கையை ஊன்றி அடித்தால், கை செய்த தவறு அப்படியே பந்தில் தெரியும். மரம் மன்னிக்கிறது, கார்பன் காட்டிக் கொடுக்கிறது!

நமது கருத்து

1979-ம் ஆண்டு டிசம்பரில், பெர்த் நகரில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு கிரிக்கெட் ஆட வந்தார். பெரிய ரகளை ஆயிற்று. மட்டை மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று பிறகு விதி வந்தது. பில்லியர்ட்ஸில் அப்படித் தடை விதிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கார்பன் தண்டு யாருக்கும் இல்லாத திறமையைக் கொடுத்துவிடவில்லை.

ஆனால், உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். நுனியைக் குடைந்து விலகலைக் குறைத்த மரத்தண்டுகள் 1990-களிலேயே வந்துவிட்டன. நடுவில் நேராக அடிக்கவே இன்னும் பழகாத பையனிடம், 'இதை வாங்கினால் வீரனாவாய்' என்று ஆசை காட்டுவது நியாயம் அல்ல. மரக்கோலோடு வருகிறவனை ஏளனமாகப் பார்ப்பதும் அழகல்ல.

இந்த ஆட்டங்கள் நமக்கு அந்நியமும் அல்ல. இவற்றின் உறவான ஸ்நூக்கர் 1875-ல் ஜபல்பூரில் பிறந்தது. அதன் விதிகள் உருவானது நம் உதகமண்டலத்தில். இங்கும் கிளப்புகளில் இளைஞர்கள் கோல் பிடிக்கிறார்கள். விலை உயர்ந்த கருவியின் மோகம் இங்கும் வரும்.

அவர்களுக்கு ஒரு யோசனை. பணத்தை எடுக்கும் முன் ஒரு தண்டை இரவல் வாங்குங்கள். கண் பழகுவதற்கு ஒரு வாரம் ஆடுங்கள். பிறகு மேஜையின் முழு நீளத்துக்கு, பக்கச் சுழலோடு, ஒரே மாதிரியான அடியை மரத்தால் 20 முறையும், கார்பனால் 20 முறையும் அடித்துப் பாருங்கள். எத்தனை பந்து விழுந்தது என்று காகிதத்தில் எழுதுங்கள். கடைக்காரர் பேச்சை விட அந்தக் காகிதம் உங்களுக்கு நல்ல நண்பன்.

கணக்கில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், தாராளமாக வாங்குங்கள். தெரியாவிட்டால், அந்தப் பணத்தை மேஜை வாடகைக்குக் கொடுங்கள். கூடுதலாகப் பல மணி நேரம் ஆடலாம்.

கோலின் கோணலைக் கார்பன் குறைக்கும். கையின் கோணலைப் பழக்கம் ஒன்றே போக்கும்!