"இப்பதான் வந்திருக்கு, பொறுத்துக்கிடுங்க"

சென்ற மாதம் ஒரு மாலை என் சித்தி மகள் கைபேசியில் அழைத்தாள். தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து அன்று மூன்றாவது நாள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, சொந்த ஊரு எதுன்னு கேட்டாங்க, சொன்னேன். ஊருக்குள்ள எந்தப் பக்கம்னு கேட்டாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லிட்டேன். தப்பாக்கா?" என்றாள்.

எங்கள் ஊரில் பேருந்து நிலையமே கிடையாது.

அவளுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நானும் எதிர்கொண்டேன். பி.எட். முடித்த கையோடு தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் பள்ளியில் தற்காலிகக் கணித ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். நான் பொய் சொல்லவில்லை. காலனி என்று சொன்னேன். கேட்டவர் "அப்படியா, நல்லது" என்று சிரித்தார். அதன்பின் அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

அந்த ஆண்டு என்னோடு இன்னொரு பெண்ணும் புதிதாகச் சேர்ந்தார். அவ்வூரின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர், நல்ல மனுஷி. அவருக்கு ஒரே வாரத்தில் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடு கிடைத்தது. மூத்த ஆசிரியர் ஒருவர்தான் பேசி முடித்துக் கொடுத்தார். பாடக்குறிப்பேடு எழுதுவது எப்படி, மதிப்பெண் பதிவேட்டில் எதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது, எந்த வகுப்பில் எந்தப் பையனைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு வேளையிலேயே அவருக்கு வந்து சேர்ந்தன. நான் நான்கு இடங்களில் வீடு கேட்டேன். நான்கும் அதற்கு முந்தைய நாள்தான் வேறு யாருக்கோ பேசி முடிக்கப்பட்டிருந்தன. ஆகவே தினமும் இரண்டு பேருந்து மாறி வந்தேன். முதல் பேருந்து பிந்தினால் பத்து நிமிடத் தாமதம். மூன்று முறை தாமதமானதும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் தாமதமாக வந்தது வருகைப் பதிவேட்டில் இருந்தது. எனக்கு யாரும் வீடு தராதது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு அந்தப் பெண் ஒரு மாணவனை அறைந்துவிட்டார். தவறுதான், அவரே அழுதார். மறுநாள் பையனின் அப்பா சத்தம் போட்டுக்கொண்டு வந்தபோது மூத்த ஆசிரியர்கள் மூன்று பேர் வாசலிலேயே மறித்து, "சின்னப் பொண்ணு, இப்பதான் வந்திருக்கு, பொறுத்துக்கிடுங்க" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

ஜனவரியில் என் வகுப்பில், சாதிக் கயிற்றை வைத்து இரண்டு பையன்கள் மோதிக்கொண்டார்கள். கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்பில் உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "விவகாரம் பெருசாகும், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். கேட்டேன். "இப்பதான் வந்திருக்கு" என்று எனக்காகச் சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை.

அன்று மாலை தமிழய்யா மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கழற்றச் சொன்னது சரி. தனியாகச் சொன்னதுதான் தப்பு. அடுத்த தடவை என்னையும் கூப்பிடு" என்றார். ஓராண்டில் எனக்குக் கிடைத்த ஆசிரியப் பயிற்சி அது ஒன்றுதான். ஆனால் அது வந்தபோது நான் போவதென்று முடிவெடுத்திருந்தேன். முனைவர் பட்ட ஆய்வுக்குப் போனதை ஊரில் முன்னேற்றம் என்று சொல்கிறார்கள். உண்மையில் நான் வகுப்பறையிலிருந்து ஓடிவந்தவள்.

புதிய ஆசிரியர்களை ஊக்குவிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். பள்ளிகளில் ஊக்கத்துக்குப் பஞ்சம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீடு பார்த்துத் தருவது, பதிவேடு சொல்லித் தருவது, தவறு செய்தால் தாங்கிப் பிடிப்பது எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை சாதியின் வாய்க்கால் வழியே பாய்கின்றன, அதனால் சில வயல்களுக்கு மட்டுமே போய்ச் சேர்கின்றன. ஊக்குவிப்பைத் தனிமனித நல்லெண்ணத்திடம் விட்டுவைக்கும் வரை இது மாறாது.

இதன் விளைவு ஒருவர் வேலையை விட்டுப் போவதோடு முடிவதில்லை. அரசுப் பணியில் சேர்பவருக்குத் தகுதிகாண் பருவம் உண்டு. அதை முடிக்க, அவருடைய பணியும் நடத்தையும் திருப்திகரம் என்று மேலே இருப்பவர் எழுத வேண்டும். வீடு கிடைக்காததால் தாமதமாக வந்தவர் அங்கே நேரம் தவறுபவர் ஆகிறார். எமிஸ் செயலியில் பதிவு செய்ய யாரும் சொல்லித் தராதவர் வேலை தெரியாதவர் ஆகிறார். பிறகு ஓய்வறையில் ஒருவர் சாவகாசமாகச் சொல்வார்: "கோட்டாவில் வந்தால் இப்படித்தான்." முதல் ஆண்டில் நமக்கு மறுக்கப்பட்ட துணை, இரண்டாம் ஆண்டில் நம் தகுதிக்கும் இடஒதுக்கீட்டுக்கும் எதிரான சாட்சியமாக மாறி வந்து நிற்கிறது.

தற்காலிகப் பணியாளர்களின் நிலை இன்னும் மோசம். 2022 ஜூனில், பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 13,331 பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பத் தமிழக அரசு முடிவெடுத்தது. அப்போது அறிவிக்கப்பட்ட ஊதியம் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. உள்ளூர்க் குழுவின் தயவில் நிற்கும் ஒருவர், அந்த ஊரின் சாதியை வகுப்பறையில் எப்படிக் கேள்வி கேட்பார்?

கேள்வி கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்குநேரி காட்டியது. 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம், ஆசிரியர்களுக்குப் பணியிட மாற்றம், சமூகநீதிப் பயிற்சி என்று முக்கியமான பரிந்துரைகள் அதில் உண்டு. ஆனால் மறுநாள் காலை வகுப்பில் நின்று, கயிற்றைக் கழற்று என்று சொல்லப் போவது யார்? பெரும்பாலும் அந்தப் பள்ளியின் ஆக இளைய ஆசிரியர்தான். அவருக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பரிந்துரையும் உயிர்பெறும்.

1848இல் புனேயில் சாவித்திரிபாய் புலே பாடம் நடத்தத் தொடங்கியபோது அவருக்கு வயது 17. தெருவில் அவர்மீது சேறும் சாணமும் வீசப்பட்டதையும், அவர் மாற்றுப் புடவை எடுத்துச் சென்றதையும் மேடைதோறும் சொல்கிறோம். மாமனார் வீட்டை விட்டு வெளியேற்றியபோது உஸ்மான் ஷேக் தன் வீட்டில் இடம் கொடுத்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவருடைய துணிச்சலைப் போற்றும் நாம், அவருக்குக் கிடைத்த வீட்டையும் நினைக்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை எளியவை. புதிய ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் வேண்டும். அவர் அதே பள்ளியையோ, அறிக்கை எழுதும் அதிகாரியின் வட்டத்தையோ சேர்ந்தவராக இருக்கக் கூடாது. முதல் ஆண்டில் பாடவேளையைக் குறைத்து, மூத்தவர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க நேரம் தர வேண்டும். குடியிருப்பு கிடைக்கவில்லை என்றால் அதை எழுத்தில் பதிந்து தீர்க்கும் பொறுப்பு கல்வி அலுவலருக்கு இருக்க வேண்டும். சக ஆசிரியரின் சாதியைத் துருவுவது நடத்தை விதி மீறல் என்று அறிவிக்க வேண்டும். இவை அனைத்தும் தற்காலிக ஆசிரியர்களுக்கும் பொருந்த வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தோழர்களே. பணி ஓய்வு பெற்ற தலித் ஆசிரியர்களும் சாதி மறுப்பில் உறுதியான மற்ற ஆசிரியர்களும் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஐந்து பேர் முன்வந்தால் போதும். புதிதாகச் சேர்பவர் இரவு எட்டு மணிக்கு அழைத்து, "அய்யா, இன்னைக்கு இப்படி ஆயிருச்சு" என்று சொல்ல ஓர் எண் வேண்டும். வீடு தேட உடன்போக ஓர் ஆள் வேண்டும். தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படும் நாளில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார ஒருவர் வேண்டும். எங்கள் தமிழய்யாவிடம் இதைச் சொன்னேன். முதல் எண்ணாகத் தன்னுடையதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

சித்தி மகளுக்கு அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அவளோடு வீடு பார்க்கவும் போகிறேன். எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் சொல்ல இந்த முறை நாங்கள் இரண்டு பேர் இருப்போம்.