'அவள்' யாரென்று கேட்போம்

'அவள்' என்ற சொல்லைப் படிக்கும் நொடியில் மூளைக்குள் என்ன நடக்கிறது? ஒற்றை நரம்பணு அளவில் அதைக் காட்டிய ஆய்வு 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. நெதர்லாந்தில், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகள் சிறு வாக்கியங்களை வாசித்தார்கள். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் துடிக்கும் அணுக்கள் ஹிப்போகேம்பஸ் பகுதியில் உண்டென்பது 2005 முதல் தெரிந்ததுதான். நடிகை ஜெனிஃபர் அனிஸ்டனின் படத்துக்குத் துடித்த அணு அப்போதே பேர்பெற்றது. இப்போது தெரிய வந்திருப்பது வேறு. ஒரு பெண்ணின் பெயரைப் படித்தபோது துடித்த அணு, அடுத்த வாக்கியத்தில் பெயரே இல்லாமல் 'அவள்' என்று வந்தபோதும் துடித்தது. வாசித்தவர் பிறகு ஆளைச் சரியாகச் சொல்வாரா என்பதையும் அந்த அணுக்களின் செயல்பாட்டை வைத்து ஊகிக்க முடிந்தது.

வாக்கியங்கள் மிகச் சிறியவை, வாசித்தவர்கள் வலிப்பு நோயாளிகள். ஆகவே இதிலிருந்து நேரடியாகச் சிகிச்சைமுறை எதையும் வகுத்துவிட முடியாது. ஆனால் பேச்சு–மொழி சிகிச்சையாளர்களாகிய நாம் நம் சோதனைத்தாள்களை எடுத்துப் பார்க்க இது போதுமான காரணம். சுட்டுப்பெயரில் தடுமாறுபவரை 'இலக்கணம் போய்விட்டது' என்று குறித்துவிடுகிறோம். போனது நினைவாக இருக்கலாம். செயல்நினைவு குறைந்தவர்களுக்குப் பெயரும் சுட்டும் விலக விலகத் தடுமாற்றம் கூடுகிறது என்று டேன்மனும் கார்ப்பென்டரும் 1980-லேயே காட்டினார்கள். அல்சைமர் நோயாளிகள் பேச்சில் சுட்டுப்பெயர்களைத் தாராளமாகப் பயன்படுத்தினாலும், பெயரைத் திரும்பச் சொன்னால்தான் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றது ஆமிட் ஆல்மோர் குழுவின் 1999 ஆய்வு.

ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வாசிப்புப் பத்திகள் தமிழில் இந்த நினைவை அளக்கப் போதா. 'வந்தாள்' என்ற வினைமுற்றே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. 'அவர் வந்தார்' என்றாலோ ஆணா பெண்ணா என்ற துப்பும் இல்லை. கதையில் இரு பெரியவர்களை வைத்து, 'அவர்' என்பதை ஒருமுறை அடுத்த வாக்கியத்திலும், மறுமுறை நான்கு வாக்கியம் தள்ளியும் வைத்து, "யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அருகில் சரியாகவும் தொலைவில் தவறாகவும் சொன்னால், பயிற்சியைத் தொடங்க வேண்டிய இடம் இலக்கணமல்ல.

வீட்டாரிடமும் சொல்லி அனுப்பலாம்: "அவர் வந்தாரா?" வேண்டாம், "பெரியப்பா வந்தாரா?" என்று கேளுங்கள்.