பலகையிற் பெயரும் மன்றத்தில் வேலையும்

சவ்வாது மலைக்குக் கிழக்கே, வேலூரினின்று ஆரணிக்குச் செல்லும் சாலையில் அமைந்த பேரூர் கண்ணமங்கலம். அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களிற் போலவே, இளைஞர் மன்றம் என்றால் ஒரு கூரை, ஒரு பந்து, ஆண்டுக்கொரு விளையாட்டுப் போட்டி, இருமுறை கொடியேற்றம் என்னும் அளவில் பலரும் நிறைவு கொள்கின்றனர். இனிப்பு வழங்கிக் கலைந்தபின் மாலையிற் கொடி இறக்கப்பெறும். காலையில் பேசிய நாட்டுப்பற்றும் அதனோடு மடித்து வைக்கப்பெறும்.

இளைஞரைப் பழித்தற்கு இது கூறப்படவில்லை. அவர்க்கு வேலை கொடாதார் மேலதே குற்றம்.

ஊர்ப்புற இளைஞர்க்குக் குடிமையும் வாழ்வியல் திறனும் பயிற்றவென நடுவணரசு 1972இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, 1987இல் அதனைத் தன்னாட்சியுடையதாக்கியது. 'நேரு யுவ கேந்திரா' என்பது அதற்கு இட்ட பெயர். 2023 அக்தோபர் 31இல் தொடங்கப்பெற்ற மற்றோர் அமைப்போ 'மேரா யுவ பாரத்' ஆயிற்று. இவ்வமைப்புகளின்வழி நிகழ்ந்த தையற்பயிற்சியும் குருதிக்கொடையும் மரநடுகையும் நல்வினைகளே, அவற்றை மறுப்பாரிலர். ஆயின், 'நேரு இளைஞர் நடுவம்' என்றெழுத எது தடையாயிற்று? மலையடியூர் உழவன் மகன், தான் சேரும் மன்றத்தின் பெயருக்கே பிறரிடம் பொருள் கேட்க வேண்டியிருக்கின்றது. 'மேரா' என்றால் 'என்னுடைய' என்று ஒருவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டும்! தன்னுடையது என்பதையே தன் மொழியிற் சொல்லாத அமைப்பு, உடைமையுணர்வை அவனுக்கு எங்ஙனம் ஊட்டும்?

இளைஞர்க்குக் குடிமை கற்பித்த மன்றங்கள் தமிழகத்துக்குப் புதியனவல்ல. ஒரு நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் பதின்மர் சூழ்ந்திருந்து கேட்ட படிப்பகங்கள் எத்துணை! அரசு எவ்வாறு நடக்கின்றது, வரிப்பணம் எங்குச் செல்கின்றது என்பவற்றை உழைப்பாளி ஆங்கே அறிந்தான். கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் பெரும்படை 1938 ஆகத்து 1இல் திருச்சியினின்று புறப்பட்டுச் செப்தம்பர் 11இல் சென்னை சேர்ந்தது. பட்டுக்கோட்டை அழகிரியும் மூவலூர் இராமாமிருதம் அம்மையாரும் அப்படையில் நடந்தனர். அறியாத ஊரில் தங்கவும், கிடைத்ததைப் பகுத்துண்ணவும், கூட்டத்தின்முன் அஞ்சாது பேசவும் அவ்வழிநடையே பயிற்றியது. வாழ்வியல் திறன் என்று இன்று ஏட்டில் எழுதுவது வேறென்ன?

இன்றைய மன்றத்திற்கும் வேலை உண்டு. 'கிராம சபை' என்று அரசு வழங்கும் ஊரவை, தமிழகத்து ஊராட்சிகளில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகின்றது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. வாக்காளராகிய இளைஞர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. எனினும், கொடியேற்றத்திற்கு வந்த கால்கள் அன்றே கூடும் ஊரவைக்குச் செல்வதில்லை. ஆண்டுக் கணக்கு படிக்கப்படும்பொழுது அங்குக் கேள்வி கேட்பார் மிகச் சிலரே.

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், தான் வாழும் பகுதியின் ஆட்சிமொழியிலேயே கேட்கும் உரிமையைக் குடிமகனுக்குத் தந்துள்ளது. தமிழே இங்கு ஆட்சிமொழி என்று 1956இலேயே சட்டம் இயற்றப்பெற்றது. பத்து உருபாக் கட்டணம். முப்பது நாளுள் விடை. இருந்தும், ஆங்கிலம் அறிந்தாரைத் தேடி அலைந்து, ஒரு தாளுக்கு நூறு உருபா கொடுப்பாரும் உளர். இவ்வறியாமையைப் போக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

மலைமேல் விளைந்த சாமையைக் கீழிறக்கி விற்கும் பழங்குடியினர்க்கு எடை பார்த்துச் சொல்வதும், வங்கித் தாளைப் படித்துக் காட்டுவதும் மன்றத்தார் செய்யத்தக்கனவே. பந்தாட்டத்தை அதற்காக விட வேண்டுவதில்லை. ஆடி முடித்து வியர்வை துடைக்கும் நேரத்தில், ஊராட்சியின் கடந்த ஆண்டு வரவு செலவை ஒருவன் உரக்கப் படிக்கட்டும்.