விலையில்லா மடிக்கணினியும் விலைபோன மொழியும்

2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபொழுது, மாணவர்க்கு வழங்கப்பெற்ற பொறிகளில் இரண்டு இயங்குதளங்கள் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. ஒன்று, அமெரிக்க வணிக நிறுவனமாகிய மைக்ரோசாப்டின் விண்டோசு. மற்றொன்று, சென்னைச் சீ-டாக் நடுவத்தார் லினக்சின்மேற் கட்டிய ‘பாசு’. பின்னது தமிழில் இயங்கவல்லது, விலையற்றது, படியெடுத்துப் பிறர்க்கு வழங்கத் தடையில்லாதது. ஆயினும் நிகழ்ந்தது என்ன? பொறியைத் திறந்த கை விண்டோசையே தொட்டது. பாசு பல பொறிகளில் ஒருநாளும் விழிக்காமலே துயின்றது. இடத்தை அடைக்கின்றதென்று அழிக்கப்பட்டதும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயிலுள் தமிழுக்கு நேர்ந்த நிலையே கணிப்பொறியுள்ளும் நேர்ந்தது. உள்ளே இடமுண்டு, முதலிடம் இல்லை!

அவ்வணிக நிறுவனமோ தன் கதவைத் தான் வேண்டியபொழுது அடைக்கும். 2014 ஏப்பிரல் 8-இல் எக்சுப்பி பதிப்பிற்குரிய காப்பினை நிறுத்தியது. அதனையொட்டி அரசுத் துறைகளைப் பாசு லினக்சிற்கு மாறுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது. அறிவுரை ஏட்டளவில் தங்கியது போலும்! 2025 அக்தோபர் 14-இல் பத்தாம் பதிப்பிற்கும் காப்பு நின்றது. பதினொன்றாம் பதிப்போ பழைய பொறிகளை ஏற்பதில்லை. அன்று பிள்ளைகள் பெற்ற மடிக்கணினிகள் இனிப் பழைய இரும்புக்கடைக்குத்தானா?

வேண்டுவதில்லை. சட்டைப்பையில் அடங்கும் விரலி ஒன்று போதும். பென்டிரைவ் என்று கடைத்தெருவில் விற்கும் அதே பொருள்தான். லினக்சுப் பதிப்பு ஒன்றின் நிறுவற்கோப்பை வலையிலிருந்து ஒருமுறை இறக்கி, எழுதுமென்பொருளின் வழியே 8 அல்லது 16 கிகாபைட்டு விரலியில் எழுதுதல் வேண்டும். வெறுமனே படியெடுத்து ஒட்டினால் விரலியிலிருந்து பொறி எழாது. எழுதுங்கால் விரலியில் முன்பிருந்தவை அழிந்துபோம். பின், விரலியைச் செருகிப் பொறியை முடுக்கும்பொழுதே எஃப் 12 போன்ற விசையை (பொறிக்குப் பொறி இது வேறுபடும்) அழுத்தி, விரலியிலிருந்து எழுமாறு செய்க. பல பதிப்புகளில் எதனையும் அழிக்காமல் விரலியிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, கம்பியில்லா வலை கிட்டுகிறதா என்று பார்த்து நிறைவுற்ற பின்னரே நிறுவுதல் நன்று. மொழிப் பட்டியல் தோன்றும். அதில் ‘தமிழ்’ என்பதைத் தேர்க. வன்தட்டைப் பகுக்குமிடத்தில்தான் விழிப்பு வேண்டும். முழுத்தட்டையும் அழிக்க இசைந்தால் பழைய படங்களும் பாடங்களும் மீளா. அவற்றை முன்னரே வேறிடத்திற் சேர்த்துக்கொள்க. இரண்டு கிகாபைட்டு நினைவகமே உள்ள பொறிக்கும் ஏற்ற எடைகுறைந்த பதிப்புகள் உள்ளன. 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையும் அமைப்பிற் சேர்த்துக்கொள்ளத்தக்கது.

இவ்விரலியின் அருமை கல்வராயன் மலையில் விளங்கும். 1976 வரை சாகீர்தாரர் ஆட்சியிற் கிடந்த மலை அது. 2024-இல் சென்னை உயர்நயன்மன்றம் தானே முன்வந்து அதன் வாழ்வடிப்படைக் குறைகளை வழக்காக எடுத்தது. அலைபேசி அலையே சரிவர எட்டாத சிற்றூர்கள் நிறைந்த அங்கே, வலைவழி இறக்கிக்கொள் என்பது நகரத்தார் பேச்சு. கள்ளக்குறிச்சியில் எழுதிய ஒரு விரலி வெள்ளிமலைக்கு ஏறினால், உண்டு உறைவிடப் பள்ளிகளின் பொறிகள் அனைத்திற்கும் அஃதொன்றே போதும். உரிமத்தொகை கேட்பார் எவருமிலர். விண்டோசைப் பத்துப் பொறிகளில் இவ்வாறு நிறுவினால் அது திருட்டு. லினக்சை நிறுவினால் அது அறம்.

“விண்டோசிலும் தமிழ் உண்டே” என்பர் சிலர். உண்டு. ஆனால் அங்குள்ள பிழைச்சொல்லை மலைப்பள்ளித் தமிழாசிரியர் திருத்த இயலுமா? லினக்சில் இயலும். கோப்பு, அடைவு, உலாவி எனத் திரையில் நிற்கும் சொற்கள், கூலி வாங்காத தமிழன்பர்கள் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய உழைப்பின் விளைவு. அவ்வுழைப்பு முற்றுப்பெறவில்லை என்பதையும் மறைத்தலாகாது. பட்டியலில் தமிழைத் தேர்ந்தபின்னும் இடையிடையே ஆங்கிலம் தலைகாட்டும். சில பெயர்ப்புகள் நகைப்பிற்கிடமாக உள்ளன. இது பின்லாந்து மாணவராயிருந்து 1991-இல் லினக்சைப் படைத்த தோர்வால்சின் குற்றமன்று; மேடையில் தமிழை முழக்கி, வீட்டில் ஆங்கிலத் திரையை விரும்பும் தமிழரின் குற்றம்.

கேரளம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தன் பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளத்தைத் தொகுத்து வழங்கி வருகின்றது. தமிழ்நாட்டில் 2018-இன் புதிய பாடத்திட்டப்படி பதினொன்றாம் வகுப்புக் கணினிநூலில் உபுண்டு பாடமாக உள்ளது. பாடத்தைப் படிக்கும் மாணவன் அதனை இயக்கிப் பார்க்கப் பள்ளிக் கணிப்பொறியறையில் இடமிருக்கிறதா என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத் தமிழன்பர்கள் பள்ளிதோறும் சென்று கேட்டல் வேண்டும். செல்லுங்கால் விரலியையும் உடன்கொண்டு செல்க.