பதிவுப் படிவத்துக்கு லேசர் கண் தேவையில்ல

"எக்ஸ்-மென் எங்கட கதை மச்சான்" என்று சொல்லுற ஆக்கள் கொழும்புத் தமிழ்ப் பெடியங்களுக்குள்ள நிறையப் பேர் இருக்காங்க. வெள்ளவத்தைச் சைவக் கடையொன்றில் நாலு பேர் பிளேன்டீ குடிச்சுக்கொண்டு சினிமா கதைச்சா, ஒருத்தராவது இதைச் சொல்லுவார். பக்கத்தில இருக்கிறவர் "மேக்னீட்டோ சொன்னதுதான் சரி" என்று முடிச்சு வைப்பார். எல்லாரும் தலையாட்டுவாங்க. பில் வரும்.

நான் தலையாட்டுறதா இல்ல. 2000இல் வந்த முதல் படத்தில இருந்து 2020இல் வந்த 'த நியூ மியூட்டன்ட்ஸ்' வரைக்கும் ஃபொக்ஸ் எடுத்த 13 படத்தையும், பிறகு டிஸ்னி கைக்குப் போய் 2024இல் வந்த 'டெட்பூல் அன்ட் வுல்வரின்' படத்தையும் எங்கட குழுவில அஞ்சு பேர் கொட்டாஞ்சேனையில ஒரு பிளட்டில கூடி, வெளிவந்த ஒழுங்கிலேயே திரும்பப் பார்த்தோம். பார்த்து முடிய எனக்கு ஒன்று தெளிவாச்சு. இது எங்கட கதை இல்ல. எங்கட கதை என்று சொல்லுறது எங்களுக்கே கூடாது.

சரி, ஏன் அப்படித் தோணுது என்பதை முதல்ல சொல்லிடுறன். முதல் படத்தில் செனட்டர் கெல்லி என்றொருத்தர் மியூட்டன்ட் பதிவுச் சட்டம் கொண்டு வாறார். யாரு மியூட்டன்ட், எங்க இருக்கினம், என்ன செய்யக்கூடியவை, எல்லாம் அரசாங்கத்திடம் பதிய வேணும். கொழும்பில வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதுக்கு விளக்கவுரை தேவையில்ல. யுத்த காலத்தில் எங்கட வீடுகளில் இருந்த பொலிஸ் பதிவுப் படிவம் உங்களுக்கும் தெரியும். யார் வீட்டுச் சொந்தக்காரர், யார் வாடகைக்கு இருக்கிறது, யார் ஊரில இருந்து வந்து நிக்கிறது, அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம். ஊரில இருந்து மாமா ஒரு கிழமை வந்து நின்றாலும் பதியணும். எங்கட அம்மா அந்தப் பேப்பரை இன்னும் பிளாஸ்டிக் ஃபைலுக்குள்ள வைச்சிருக்கிறா. எறியச் சொன்னா, "இருக்கட்டும்" என்பா.

அதனால அந்த செனட் காட்சியில நெஞ்சு அடிக்கிறது நியாயம். கெல்லி கேட்பார், மியூட்டன்ட்கள் ஆபத்தானவங்களா இல்லையா? டொக்டர் ஜீன் கிரே சொல்லுவா, பிழையான ஆள் கார் ஓட்டினாலும் ஆபத்துத்தானே. கார் ஓட்ட லைசன்ஸ் கொடுக்கிறோமே என்று கெல்லி மடக்க, ஓட்டத்தான், உயிர் வாழ இல்லை என்று அவ திருப்பிக் கொடுப்பா. தொடரிலேயே இதைவிட நல்ல வசனம் கிடையாது. பிரச்சினை என்னவென்றால், அதைச் சொன்ன பிறகு படம் என்ன செய்யுது?

கெல்லி சரி என்று நிரூபிக்குது. மேக்னீட்டோ அவரைக் கடத்திக்கொண்டு போய் மெஷினுக்குள்ள போட்டு மியூட்டன்ட் ஆக்குறான். அதே மெஷினை லிபர்ட்டி தீவில வைச்சு, உலகத் தலைவர்கள் எல்லாரையும் மாத்தப் பார்க்கிறான். அடுத்த படம் வெள்ளை மாளிகைக்குள்ள ஒரு மியூட்டன்ட் புகுந்து ஜனாதிபதியின் தொண்டையில் கத்தி வைக்கிறதோட தொடங்குது. மனசை வேறொருத்தன் கட்டுப்படுத்தினான், சரி, ஆனா புகுந்தது புகுந்ததுதான். ஒவ்வொரு படத்திலயும் ஒரு நகரம் தூளாகுது. இந்த உலகத்தில வாழுற சாதாரண மனுசன் "இவங்களைப் பதிஞ்சு வையுங்கப்பா" என்று கேட்டா நான் என்ன பதில் சொல்லுறது? சைக்ளொப்ஸ் கண்ணாடியைக் கழட்டினா சுவர் விழும். ஊரில இருந்து வந்து லொட்ஜில நின்ற ஆள் கண்ணாடியைக் கழட்டினா அவருக்கே பேப்பர் வாசிக்க ஏலாது.

இந்த உவமையின் விஷம் அங்கதான் இருக்கு. சிறுபான்மையை சூப்பர் சக்தி உள்ளவங்களாக் காட்டினா எங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வருது. அந்தச் சந்தோசத்துக்கு விலையாக, நாங்க உண்மையிலேயே ஆபத்தானவங்கதான் என்பதை ஒத்துக்கொள்ளுறோம்.

2007 ஜூன் 7ஆம் திகதியை எடுங்க. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜ்களில தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில ஏத்தி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினது. கொழும்பில நிக்கிறதுக்கு "சரியான காரணம்" இல்லையாம். அவங்கட காரணம் என்ன? பாஸ்போர்ட் எடுக்க வந்தவங்க, விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தவங்க, வைத்தியத்துக்கு வந்தவங்க, வேலை தேடினவங்க. முந்தின வருசம் ஓகஸ்டில ஏ9 பாதை மூடுப்பட்டிருந்ததால திரும்பிப் போக வழியில்லாமல் நின்றவங்களும் இருந்தாங்க. இதுக்குள்ள யாரும் வுல்வரின் இல்ல. கையில நகம் முளைக்கிற ஆள் ஒருத்தரும் இல்ல. அதுதான் அந்த நாளின் கொடுமை. அவங்க ஆபத்தானவங்க இல்லை என்பது பஸ்ஸை ஓட்டினவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

அது எப்படி நின்றது என்பதையும் பாருங்க. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட்டது. அடுத்த நாளே இடைக்காலத் தடை. சிலரைத் திருப்பிக் கொண்டுவந்தாங்க. அப்போது பிரதமரா இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமா வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. முதல் எக்ஸ்-மென் படத்தில் பதிவுச் சட்டம் எப்படித் தோற்குது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கா? செனட்டர் செத்துட்டார், அவர்ட உருவத்தில் மிஸ்டிக் போய் டிவியில கருத்தை மாத்திச் சொல்லுறா. அவ்வளவுதான். சட்டத்தோட சண்டை பிடிக்கிற ஒரு வழக்கறிஞரைக்கூட இந்தத் தொடருக்குக் கற்பனை செய்ய ஏலாமல் போச்சு.

இனி மேக்னீட்டோ ரசிகர்களுக்கு வருவோம். சேவியரை மார்ட்டின் லூதர் கிங், மேக்னீட்டோவை மால்கம் எக்ஸ் என்று சொல்லுறது யூடியூப் வீடியோக்களில் தேய்ஞ்சு போன விசயம். ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் 1963இல் தொடங்கினபோது மேக்னீட்டோ வெறும் வில்லன். நாஜி முகாமில் இருந்து தப்பினவன் என்ற பின்கதை கிறிஸ் கிளேர்மொன்ட் எழுதின காலத்தில், 1981இல்தான் வருது. அது இருக்கட்டும். எங்கட பெடியங்கள் இந்த ரெண்டு கதிரையிலயும் எங்கட அரசியல்வாதிகளையும் இயக்கங்களையும் தூக்கி இருத்தி மீம் போடுறாங்க. ரெண்டு கதிரைதான் உலகத்தில இருக்கு என்று இவங்களுக்குச் சொன்னது யார்? லொட்ஜில நின்ற 376 பேரும் எந்தக் கதிரையில இருந்தாங்க? மேக்னீட்டோ முதல் படத்தில் தன்ட மெஷினை இயக்கத் தான் சாகத் தயாரில்ல. ரோக் என்ற பெட்டையைக் கட்டி வைச்சுத்தான் இயக்குறான். பிள்ளையைப் பலி கொடுத்து இனத்தைக் காப்பாத்துற தலைவர். எங்கட சரித்திரம் தெரிஞ்ச ஒருத்தர் இந்தக் காட்சியைப் பார்த்திட்டு டீ-சேர்ட் வாங்கப் போவாரா?

சேவியரும் எனக்கு வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரே திறமைசாலிப் பிள்ளைகளுக்கானது என்று வருது. கொழும்பில இதைவிடத் தமிழ்த்தனமான சிந்தனை உண்டா? படி. டியூசன் போ. ஏ.எல்.லில மூன்று ஏ எடு. இல்லாட்டி சீமா செய். டொக்டரா, எக்கவுண்டனா ஆகிட்டா உன்னை யாரும் தொட மாட்டாங்க. பிறகு நாங்களே மேடையில சொல்லுவோம், நாங்க இந்த நாட்டுக்கு எவ்வளவு பங்களிப்புச் செய்தோம் என்று. உரிமையைத் திறமைக்குப் பரிசாகக் கேக்கிறது. 1983இல் வீடு எரிஞ்சவங்களுக்குள்ள டொக்டர்மார் இருந்தாங்க, எக்கவுண்டன்மார் இருந்தாங்க. சேர்டிபிகேட்டும் சேர்ந்து எரிஞ்சது.

'எக்ஸ் 2' படத்தில் ஒரு பெடியன் வருவான். கண் சிமிட்டினா டிவி சனல் மாறும், அதுதான் அவன்ட சக்தி. அவன் நித்திரை கொள்ளுறதே இல்ல. ராவில ஸ்ட்ரைக்கரின் ஆமி பள்ளிக்கூடத்துக்குள்ள புகுறபோது அவன்தான் டிவிக்கு முன்னால முழிச்சிருக்கிறான், அவனைத்தான் மயக்க ஊசியால விழுத்துறாங்க. எனக்கு அவனைப் பற்றி ஒரு முழுப் படம் வேணும். ஒன்றுக்கும் உதவாத சக்தி, ஆனா பெயர் லிஸ்டில இருக்கு. இந்தத் தொடரில் எங்களுக்குக் கிட்ட வந்த ஆள் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஒரு நிமிசம், வுல்வரினுக்கு 24 வருசம்.

சொல்லப்போனா 'எக்ஸ் 2'தான் தொடரில சிறந்த படம் என்பது என் கட்சி. காரணம் சண்டை இல்ல, ரெண்டு சின்ன இடம். பொபி தான் மியூட்டன்ட் என்று வீட்டுச் சாலையில இருந்து அம்மா அப்பாவுக்குச் சொல்லுறான். அம்மா, மியூட்டன்ட் ஆக இல்லாமல் இருந்து பார்த்தியா என்று கேக்கிறா. மேல்மாடியில தம்பி பொலிஸுக்கு ஃபோன் அடிக்கிறான். மற்றது, நைட்குரோலர் மிஸ்டிக்கிடம் கேக்கிறது: உனக்குத்தான் யார் மாதிரியும் மாற ஏலுமே, ஏன் எப்பவும் மற்றவங்களைப் போலவே இருக்கக்கூடாது? அப்படி இருக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு வரக்கூடாது என்பது அவட பதில். காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ்ஸில அம்மாவின் கோல் வந்தா குரலைக் குறைச்சு "யேஸ், ஐ வில் கோல் யூ" என்று வைக்கிற எல்லாருக்கும் அந்தப் பதில் தைக்கும். செக்பொயின்டுக்கு முன்னால பொட்டைத் துடைச்சவங்க, வாளிக்குச் சிங்களத்தில என்ன என்று கும்பல் கேட்டபோது நாக்கைச் சரியா வளைச்சுத் தப்பினவங்க எங்கட வீடுகளிலேயே இருக்காங்க. மாறி நடிக்கிறதுதான் கொழும்புத் தமிழரின் சக்தி என்றால் சக்தி. அதைக் காட்டின தொடர் பிறகு அந்தப் பக்கமே திரும்பல.

மாறாக என்ன செய்தது? 2014இல் வந்த 'டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்'. எல்லாரும் கொண்டாடுற படம், எடுத்த விதம் நல்லாத்தான் இருக்கு. கதையைக் கொஞ்சம் யோசிங்க. 1973இல் மிஸ்டிக் டிராஸ்க்கைச் சுட்டதாலதான் சென்டினல்கள் வந்து மியூட்டன்ட் இனமே அழிஞ்சது. அவ சுடாமல், கெமராக்களுக்கு முன்னால துவக்கைக் கீழ போட்டா எதிர்காலம் மாறும், அழிவு வராது. கொல்லுற மெஷினை டிசைன் பண்ணினவன், காசு கொடுத்தவன், பொத்தான் அமுத்தினவன் எல்லாரும் அப்படியே இருக்க, அழிவைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அழியப் போறவங்களுக்கு. நல்ல பிள்ளையா நட, விட்டுடுவாங்க. இதை எங்களுக்கு நேரிலயே சொன்ன ஆக்கள் இருக்காங்க, டிக்கெட் எடுத்துக் கேக்கத் தேவையில்ல.

மிச்சப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்ல. 2006இல் 'லாஸ்ட் ஸ்டாண்ட்' கெடுத்த அதே டார்க் ஃபீனிக்ஸ் கதையை, அதை எழுதினவங்களில ஒருத்தரான சைமன் கின்பர்க்கே 2019இல் தானே இயக்கி மறுபடி கெடுத்தார், அது ஒரு சாதனைதான். 'அப்போகலிப்ஸ்' ஓடும்போது ரெண்டு பேர் நித்திரை. 'லோகன்' அழ வைக்கும், எங்களையும் வைச்சது. ஆனா அந்தப் பிள்ளைகள் கனடா எல்லையைத் தாண்டினாச் சரி என்று படம் நம்புதே, அதுக்கு எங்கட ஆக்களிடம் கேட்டிருக்கலாம். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் போய் இறங்கினாங்க. இறங்கின கையோட தடுப்புக் காவல். கடைசியா 'டெட்பூல் அன்ட் வுல்வரின்', மஞ்சள் உடுப்பைப் பார்த்துத் தியேட்டரில விசில். உலகம் முழுக்க 130 கோடி டொலருக்கு மேல வசூல். பதிவுச் சட்டத்தில தொடங்கின தொடர் பழைய நடிகர்களை ஒவ்வொருத்தரா அழைச்சு வந்து கைதட்டு வாங்குறதில வந்து நிக்குது.

"எங்கட கதை" என்று சொல்லுறவங்களிடம் நான் கேக்க வேண்டியது இன்னொன்று இருக்கு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் நாங்க படம் பார்த்த பிளட்டில இருந்து நடந்து போற தூரம். செத்தவங்களுக்குள்ள எங்கட தமிழ் ஆக்கள் எத்தனையோ பேர். அந்தத் துக்கத்தில கேள்வி இல்ல. ஆனா அடுத்த கிழமையே முகத்தை மூடத் தடை வந்தபோது, முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீங்க என்று வட்ஸ்அப்பில சுத்தினபோது, குருநாகலில டொக்டர் ஷாபி கருத்தடைக் குற்றச்சாட்டில கைதானபோது, எங்கட தெருக்களில என்ன கதைச்சாங்க? "இவங்களையும் பதியத்தான் வேணும்" என்று சொன்னது சிங்கள ஆக்கள் மட்டுமா? ஷாபிக்கு எதிரா ஆதாரம் இல்லை என்று சீ.ஐ.டி.யே பிறகு நீதிமன்றத்தில சொன்னது. அவரும் திறமைசாலிதான், டொக்டர்தான். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி லொட்ஜில இருந்து பஸ்ஸில ஏத்தப்பட்டவங்கட சொந்தக்காரர் வாயில செனட்டர் கெல்லியின் வசனம் வந்தது. ஒரு சொல் மாறாமல்.

அதனால அடுத்த தரம் பிளேன்டீக்கு முன்னால இருந்து "எங்கட கதை மச்சான்" என்று தொடங்குறவர், முதல்ல வீட்ட போய் 2007இல் தங்கட குடும்பத்தில யார் எந்த லொட்ஜில நின்றாங்க, எதுக்கு நின்றாங்க என்று கேட்டுட்டு வரட்டும். பிறகு 2019இல் அதே வீட்டில என்ன கதைச்சாங்க என்றும் கேக்கட்டும். பில்லை நான் கட்டுறன்.