நாகரஹொளே: காட்டுக்குள் திரும்பி வந்த 52 குடும்பங்கள். நிலம் யாருடையது என்பதை எந்த ஆதாரம் முடிவு செய்யும்?

பெங்களூருவில் வேலை பார்க்கும் பலருக்கும் கபினி என்றால் வார இறுதி சஃபாரி. மைசூரு தாண்டி, எச்.டி.கோட்டை வழியாகப் போனால் யானை, சிறுத்தை, அதிர்ஷ்டம் இருந்தால் புலி. அந்தப் புலிகள் இருக்கும் நாகரஹொளே காட்டில் 2025 மே 5-ஆம் தேதி வேறொரு விஷயம் நடந்தது. ஜேனு குருபர் பழங்குடியைச் சேர்ந்த 52 குடும்பங்கள் குடகு மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கரடிகல்லு பகுதிக்குத் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். “இது எங்க ஊர், 1980-களில் எங்களைத் துரத்திட்டாங்க” என்பது அவர்கள் தரப்பு. “இங்கே நீங்கள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை” என்பது வனத்துறை தரப்பு.

இதை வெறும் ஆக்கிரமிப்புப் பிரச்சினை என்று கடந்துவிட முடியாது. ஏன்னு பார்ப்போம்.

யார் இந்த ஜேனு குருபர்?

கன்னடத்தில் ‘ஜேனு’ என்றால் தேன். தேன் எடுப்பதும், கிழங்கு, காட்டு விளைபொருள் சேகரிப்பதும் இவர்களின் மரபுத் தொழில். கர்நாடகத்தில் ‘மிகவும் நலிவடைந்த பழங்குடி’ பட்டியலில் இருப்பது இரண்டே சமூகங்கள்: ஜேனு குருபர், கொரகர். இவர்களின் சிற்றூருக்கு ‘ஹாடி’ என்று பெயர். மைசூரு, குடகு, சாமராஜநகர் மாவட்டக் காடுகளை ஒட்டி இந்த ஹாடிகள் இருக்கின்றன. நாகரஹொளே, பந்திப்பூர், முதுமலை, வயநாடு எல்லாம் ஒரே தொடர்காடுதான். மாநில எல்லை என்பது பின்னால் வந்தது.

காட்டைவிட்டு எப்படி வெளியே போனார்கள்?

ஒரே நாளில் நடந்தது அல்ல. மைசூரு மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்த பகுதி 1955-இல் சரணாலயம் ஆனது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-இல் கபினி அணை கட்டி முடிந்தபோது ஊர்களும் காடும் நீரில் மூழ்கின. பிறகு சரணாலயம் தேசியப் பூங்கா ஆனது. 1999-இல் புலிகள் திட்டத்துக்குள் வந்தது. ஒவ்வொரு படியிலும் சில ஹாடிகள் காலியாகின.

வெளியே வந்தவர்களில் பலர் குடகு காப்பித் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனார்கள். தோட்டத்து லயன் வீடுதான் முகவரி. வேலை நின்றால் வீடும் போச்சு.

இன்னொரு சம்பவமும் இங்கே முக்கியம். 1990-களில் இதே காட்டுக்குள் தாஜ் குழுமத்தின் சுற்றுலா விடுதிக்கு இடம் குத்தகைக்குத் தரப்பட்டது. பழங்குடி அமைப்புகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 1997-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் குத்தகை சட்டத்துக்கு முரணானது என்றது.

எத்தனை பேர்?

வெளியேற்றப்பட்டவர்கள் பற்றிய பொதுநல வழக்கில், மைசூரு பல்கலைக்கழகப் பேராசிரியர் முசாஃபர் அசாதி தலைமையில் உயர் நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. 2014-இல் வந்த அறிக்கை சொன்ன எண்: 3,418 குடும்பங்கள். அதாவது இடப்பெயர்வு நடந்தது என்பது செயல்பாட்டாளர்களின் குற்றச்சாட்டு மட்டுமல்ல. நீதிமன்றம் அமைத்த குழுவே எண்ணிச் சொன்ன விஷயம்.

சட்டம் என்ன சொல்லுது?

2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தில் மூன்று இடங்களைக் கவனிக்கணும்.

முதலாவது, பிரிவு 3(1)(எம்). 2005 டிசம்பர் 13-க்கு முன்பு, சட்டப்படியான மறுவாழ்வு தராமல் முறைகேடாக வெளியேற்றப்பட்டவர்களுக்கு அதே இடத்திலோ மாற்று நிலத்திலோ மறுவாழ்வு பெறும் உரிமை உண்டு. அதாவது, ‘இப்போது காட்டுக்குள் இல்லை’ என்பதாலேயே உரிமை போய்விடாது.

இரண்டாவது, விதி 13. ஆதாரம் என்றால் பட்டா, ரேஷன் கார்டு மட்டுமல்ல. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, தெய்வம் இருக்கும் இடம் இவையும் ஆதாரம்தான்.

மூன்றாவது, 2012 திருத்தம். செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாக இருக்கலாம். அவற்றுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

அப்போ சிக்கல் எங்கே?

கரடிகல்லு கோரிக்கை நிராகரிக்கப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, செயற்கைக்கோள் படத்தில் குடியிருப்பு தெரியவில்லை என்பது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூங்கிலும் புல்லும் வேய்ந்த குடிசைகள், மேலே மரங்களின் கூரை. அன்றைய படத்தில் அது ஒரு புள்ளியாகக்கூட விழ வாய்ப்பு குறைவு. அதோடு, ஊரைக் காலி செய்த பிறகு எடுத்த படத்தில் ஊர் எப்படித் தெரியும்?

தரவு வேலையில் அடிப்படையான பாடம் ஒன்று உண்டு: பதிவில் இல்லை என்பதும் நடக்கவே இல்லை என்பதும் ஒன்றல்ல. யார் பதிவு செய்தார்கள், எதை விட்டார்கள் என்று முதலில் கேட்கணும். ஹாடிக்குப் பட்டா தராதது அரசு. வெளியேற்றியபோது ரசீது தராததும் அரசு. அதே அரசு இப்போது காகிதம் கேட்கிறது.

வனத்துறை வாதத்தில் நியாயம் இல்லையா?

இருக்கு. 2022 கணக்கெடுப்பில் நாகரஹொளேயில் 141 புலிகள். நாட்டிலேயே அதிகப் புலிகள் உள்ள காப்பகங்களில் ஒன்று. புலி பெருக, மனித நடமாட்டம் குறைந்த காடு வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பள்ளி, மருத்துவமனை, சாலை வேண்டும் என்று தாங்களே விரும்பி வெளியே வந்த குடும்பங்களும் உண்டு. ஒரு குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீடு 2021-இல் 15 லட்சம் ஆனது.

ஆனால் வனவிலங்குச் சட்டமே ஒரு நிபந்தனை போடுகிறது: இடமாற்றம் விருப்பத்தின் பேரில் இருக்கணும், கிராம சபை ஒப்புதல் வேணும், அதற்கு முன்பே வன உரிமைகளை அங்கீகரித்து முடித்திருக்கணும். உரிமையைக் கொடுக்காமலே ‘விருப்பமா?’ என்று கேட்டால், அங்கே பேரம் பேச அந்தக் குடும்பத்தின் கையில் என்ன இருக்கும்?

வெளிநாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது. 1882-இல் அதிபர் செஸ்டர் ஆர்தர் வரைபடத்தில் ஒரு செவ்வகம் போட்டு, ஹோப்பி மக்களுக்கும் அங்கே குடியமர்த்தப்படும் பிற பழங்குடியினருக்கும் என்றார். அதே நிலத்தில் நவாஹோ மக்களும் வாழ்ந்தார்கள். அடியில் நிலக்கரி இருந்தது. 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிலத்தைப் பிரித்துச் சட்டம் போட, 10,000-க்கும் மேற்பட்ட நவாஹோக்களும் சுமார் 100 ஹோப்பிகளும் இடம்பெயர வேண்டியதாயிற்று. 1986-க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. முடியவில்லை. இடமாற்றத்துக்கென்று அமைத்த அலுவலகம் பல பத்தாண்டுகள் தாண்டியும் இழுத்து மூடப்படாமல் இருந்தது. ஆட்களை வெளியேற்றுவதோடு கணக்கு முடிவதில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

நமக்கு ஏன் இது முக்கியம்?

2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. அதன்படி 54 புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் இருந்தவை 848 ஊர்கள், 89,808 குடும்பங்கள். அதுவரை வெளியே கொண்டுவரப்பட்டவை 25,007 குடும்பங்கள், அதாவது சுமார் 28%. மீதி 64,801 குடும்பங்களின் இடமாற்றத்தை முன்னுரிமை கொடுத்துச் செய்யுங்கள் என்றது கடிதம்.

ஆக, கரடிகல்லு 52 வீடுகளின் கதையாக நிற்கப்போவதில்லை. இங்கே பெரியவரின் வாக்குமூலமும் மூதாதையர் இடுகாடும் ஆதாரமாக ஏற்கப்பட்டால், அந்த 64,801 குடும்பங்களும் உரிமை உள்ளவர்களாக உட்கார்ந்து பேசலாம். மேலிருந்து எடுத்த படம் மட்டும் போதும் என்றானால், அடுத்த 40 வருடம் கழித்து அவர்களின் பிள்ளைகளும் இதே மாதிரி திரும்பி வந்து நிற்பார்கள்.