அந்த 2.5 ஆம்ப் யாரோட கரண்ட்?

ஃபைனல் இயர் ரிவ்யூ சீசன் வந்தாச்சு. இப்போ எந்த லேப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மோட்டார் சுத்திக்கிட்டு இருக்கு. இ-பைக், லைன் ஃபாலோயர், பிஎல்டிசி ஃபேன், வீல்சேர்னு விதவிதமா இருக்கும். ரிப்போர்ட்டைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு வரி: "மோட்டார் கரண்ட்: 2.5 ஆம்ப்." அளந்த இடம் எது, எதைவைத்து அளந்தீங்க, எந்த நொடியில் அளந்தீங்க, ஒன்றுமே இருக்காது. அந்த வரியை எந்த ரிவ்யூவிலும் ஏத்துக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் பேட்டரி, 0.3 ஓம் வைண்டிங் உள்ள ஒரு டிசி மோட்டார், ஒரு மாஸ்ஃபெட், ஒரு ஃப்ரீவீலிங் டயோடு. பிடபிள்யூஎம் 20 கிலோஹெர்ட்ஸ், டூட்டி 25 சதவீதம். சக்கரம் கல்லில் மாட்டி நின்னு போச்சுன்னு வைங்க. மோட்டாருக்குக் கிடைக்கிற சராசரி வோல்டேஜ் 3 வோல்ட். 3-ஐ 0.3-ஆல் வகுத்தால் 10 ஆம்ப். ஆனா பேட்டரி வயரில் ஒரு மீட்டரைப் போட்டால் 2.5 ஆம்ப்தான் காட்டும். இரண்டுமே உண்மை. பேட்டரி கொடுப்பது 12 × 2.5 = 30 வாட். வைண்டிங்கில் சூடாகிறது 10 × 10 × 0.3 = அதே 30 வாட். மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும்போது வைண்டிங்கில் ஓடுற கரண்ட் நிக்காது, டயோடு வழியா சுத்திக்கிட்டே இருக்கும். பேட்டரிக்கு அது தெரியாது.

பேட்டரி பக்கம் 7.5 ஆம்ப் ஃப்யூஸ் போட்டிருந்தால் அது அசையவே அசையாது. 4 ஆம்ப் தாங்குற மோட்டார் 10 ஆம்பில் புகையும். ரிப்போர்ட்டில் மட்டும் 2.5 என்று பத்திரமா இருக்கும்.

நம்ம பீச்–தாம்பரம் லைனில் 1931-ல் மின்சார ரயில் வந்தபோது அது 1500 வோல்ட் டிசி. அந்தக் காலத்து டிசி வண்டிகளில் ஸ்டார்ட்டிங் கரண்ட்டை ரெசிஸ்டரை வைத்துத்தான் அடக்குவாங்க. மோட்டாருக்குள்ள போற அதே கரண்ட்தான் கம்பியிலும் வரும், முள்ளு மீட்டர் சொன்னதை அப்படியே நம்பலாம். இன்னிக்கு இன்வெர்ட்டர் வைத்த வண்டிகள் கிளம்பும்போது ஒரு ரீங்காரம் கேக்குதே, அது சுவிட்சிங் சத்தம். கரண்ட்டைத் துண்டு துண்டா வெட்டிக் கொடுக்கிற காலத்துக்கு வந்துட்டோம், அளக்கிற பழக்கம் மட்டும் முள்ளு மீட்டர் காலத்திலேயே நின்னுடுச்சு.

ஷன்ட் ரெசிஸ்டரை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. பேட்டரி பாசிட்டிவ் பக்கம் வைத்தால் பேட்டரி கணக்கு கிடைக்கும். ஜிஎஸ்டி ரோட்டில் ஓடுற ஸ்கூட்டர் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும்னு சொல்ல அதுதான் வேணும். மாஸ்ஃபெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்தால் ஆன் நேரத்துத் துடிப்பு மட்டும் தெரியும். இங்கே ஆம்ப்ளிஃபயர் வேலை சுலபம், அதனாலதான் எல்லாரும் எல்எம்358-ஐ எடுத்து மாட்டிடறோம். ஆனா அதை 50 மடங்கு கெயினில் வைத்தால் பேண்ட்விட்த் சுமார் 20 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். நம்ம துடிப்போட நீளமோ 12.5 மைக்ரோசெகண்ட். அது முடியறதுக்குள்ள அவுட்புட் 80 சதவீதம்தான் ஏறும். டூட்டியை 5 சதவீதமாக்கினா கால்வாசியோட நின்னுடும். 10 ஆம்பை 2.7 என்று படிப்போம். கோடில் ஒரு 'கேலிப்ரேஷன் ஃபேக்டர்' போட்டு இதைச் சரிக்கட்டுறவங்களும் இருக்காங்க. டூட்டி மாறினதும் அந்த ஃபேக்டரும் பொய்யாயிடும்.

மோட்டார் வயரிலேயே ஷன்ட்டை வைப்பதுதான் நேர்மையான இடம், கஷ்டமான இடமும் அதுதான். 48 வோல்ட் ஸ்கூட்டரில் அந்த வயர் ஒவ்வொரு துடிப்புக்கும் 0-க்கும் 48-க்கும் நடுவே தாவும். 10 மில்லிஓம் ஷன்ட்டில் 10 ஆம்புக்கு நமக்குக் கிடைக்கிற சிக்னல் வெறும் 100 மில்லிவோல்ட். ஒரு சதவீத ரெசிஸ்டர் நாலு வாங்கி, 20 மடங்கு கெயினில் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயர் கட்டினால், மோசமான நிலையில் அந்தத் தாவல் உண்டாக்கும் பிழையே 90 மில்லிவோல்ட் அளவுக்கு வரலாம். சிக்னல் எது, பிழை எதுன்னு யாருக்கும் தெரியாது. இதுக்குன்னே வந்ததுதான் ஐஎன்ஏ240 மாதிரி கரண்ட் சென்ஸ் ஆம்ப்ளிஃபயர். மைனஸ் 4-லிருந்து 80 வோல்ட் வரை தாங்கும், பேண்ட்விட்த் 400 கிலோஹெர்ட்ஸ், 50 கிலோஹெர்ட்ஸிலும் காமன் மோட் ரிஜெக்ஷன் 93 டெசிபல். அதே 48 வோல்ட் தாவல் இங்கே சுமார் 1 மில்லிவோல்ட் பிழையா சுருங்கிடும்.

"ஹால் சென்சார் போட்டா முடிஞ்சுதே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஏசிஎஸ்712 தனியா ஐசொலேட் ஆகியிருக்கு, 80 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுலபமா கிடைக்கும். ஆனா 30 ஆம்ப் மாடல் ஒரு ஆம்புக்கு 66 மில்லிவோல்ட்தான் தரும், அதிலும் நாய்ஸ் கலந்திருக்கும். சின்ன மோட்டாருக்கு அது ஒத்துவராது.

நல்ல சிப்பை வாங்கி மாட்டிட்டும் கெடுக்க ஒரு வழி இருக்கு. ஆர்டுயினோ ஊனோவில் ஒரு அனலாக் ரீட் முடிய சுமார் 100 மைக்ரோசெகண்ட் ஆகும். 20 கிலோஹெர்ட்ஸில் அதுக்குள்ள இரண்டு சுழற்சி ஓடிப்போயிடும். நம்ம ரீடிங் துடிப்பின் எந்த இடத்தில் விழுந்ததுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். பத்து ரீடிங்கை எடுத்து சராசரி போட்டாலும் அது பத்து குருட்டு ரீடிங்கோட சராசரிதான். மோட்டார் கன்ட்ரோலுக்கு வந்த மைக்ரோகன்ட்ரோலர்களில், சென்டர் அலைன்ட் பிடபிள்யூஎம் துடிப்பின் நடுவில் டைமரே ஏடிசியைத் தட்டி எழுப்பும். ரிப்பிள் சராசரியைக் கடக்கிற இடம் அதுதான்.

இதையெல்லாம் புரிஞ்சுக்க பெரிய ஃபண்ட் தேவையில்லை. ஒரு 12 வோல்ட் மோட்டார், மூணு ஷன்ட், ஒரு சென்ஸ் ஆம்ப்ளிஃபயர், லேபில் தூசி படிஞ்சு கிடக்கிற அந்த ஆஸிலோஸ்கோப், ஒரு மதியம். மூணு இடத்தையும் மாத்தி மாத்தி ஸ்க்ரீனில் பாருங்க. லேப் இன்சார்ஜ்கிட்ட கேக்கிறப்போ சும்மா "ஸ்கோப் வேணும் சார்"னு கேக்காதீங்க, எந்த மூணு அலைவடிவம் எதிர்பார்க்கிறோம்னு பேப்பரில் வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க. ரிவ்யூ பண்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "கரண்ட் எவ்வளவு?" என்று கேட்டதும் விட்டுடாதீங்க. "ஷன்ட் எங்கே இருக்கு?" என்று அடுத்ததா கேளுங்க சார்.